பாமினிக்குள் பூட்டிக் கிடக்கும் ஊர் இதழ்

[திரை: வெள்ளைப் பக்கத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில எழுத்துகள்]

பக்கம் பழுதாகவில்லை. இது 'அம்மா'. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் வடிவம் கொடுத்துக் காட்டும் பழைய எழுத்துருதான் பாமினி. அது இல்லாத கணினியில் அம்மா இப்படித்தான் தெரிவாள்.

மலையகத் தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யர் 1920களில் நடத்திய 'தேசபக்தன்' பத்திரிகையின் ஒரு பிரதி கையில் கிடைத்தால் இன்றைக்கும் வாசிக்கலாம். பாமினியில் வந்த இணைய இதழை அப்படி வாசிக்க முடியாது. கூகுளில் 'மலையகம்' என்று தேடினாலும் அகப்படாது. ஹட்டனோ பண்டாரவளையோ, உங்கள் டவுன் இதழின் வரலாற்றை எழுத முதலில் இந்தப் பூட்டைத் திறக்க வேண்டும்.

தளம் மூடப்பட்டிருந்தால், இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் அதன் பழைய முகவரியைப் போட்டுப் பாருங்கள். கிடைக்கும் பக்கத்தின் முகவரியில் 14 இலக்க எண் ஒன்று இருக்கும். அதை ஒட்டி ஐ, டி, அடிக்கோடு மூன்றையும் சேர்த்தால், வேபேக்கின் பட்டை இல்லாமல் மூலப்பக்கம் மட்டும் வரும். அதைச் சேமியுங்கள். படங்கள் பல வராது, அதற்கு வழியில்லை.

அடுத்தது யுனிகோட் மாற்றம்: பாமினி எழுத்தை, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் பொதுக் குறியீடான யுனிகோடுக்கு ஒரு கருவியால் மாற்றுவது. பிழை வருவது இங்கேதான்.

[திரை: மைலயகம், தலவாக்கைல, நுவெரலியா]

பாமினியில் ஐகாரக் கொம்பை முதலில் தட்டி, பிறகுதான் 'ல' தட்டுவோம். யுனிகோடில் 'ல' முதலில், கொம்பு பிறகு. இந்த வரிசையை மாற்றாத கருவி தலவாக்கலையைத் தலவாக்கைல ஆக்கிவிடும். இது கண்ணுக்குப் படும் பிழை, திருத்திவிடலாம். கண்ணுக்குப் படாதது 'கௌரவம்': கொம்பும் 'ள'வும் தனித்தனியாக நின்றாலும் பார்க்க அப்படியே இருக்கும், தேடினால் மட்டும் வராது. பக்கத்திலுள்ள ஆங்கிலச் சொற்களையும் மின்னஞ்சல் முகவரிகளையும் மாற்றத்துக்கு முன்பே வெட்டி எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் அவையும் அர்த்தமில்லாத தமிழாகிவிடும்.

இனி திகதி. அந்த 14 இலக்கம் காட்டுவது பக்கம் சேமிக்கப்பட்ட நேரத்தை. செய்தி வெளியான நாளை அல்ல. செய்தி அதற்குச் சில வருடங்கள் முந்தியதாகவும் இருக்கலாம்.

தோட்டச் செய்தியென்றால் சம்பளத்தைப் பாருங்கள். தோட்டக் கம்பெனிகளும் தொழிற்சங்கங்களும் செய்யும் கூட்டு ஒப்பந்தப்படி மொத்த நாட்சம்பளம் 405 ரூபா என்றால் 2009 ஒப்பந்தம், 515 என்றால் 2011, 620 என்றால் 2013, 730 என்றால் 2016. எங்களுக்குத் தெரிந்து இதைவிட நல்ல நாட்காட்டி மலையகத்தில் இல்லை. ஆனால் கோரிக்கைத் தொகையை ஒப்பந்தத் தொகை என்று எடுத்துவிடாதீர்கள். 1,000 ரூபா வர்த்தமானியில் வந்தது 2021இல். கோரிக்கையாகப் பல வருடம் முன்பே எழுதப்பட்டுவிட்டது.

மாற்றி முடிந்ததும் மூலக்கோப்பை அழிக்க வேண்டாம். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்து, கடைசியில் 'பாமினி', 'யுனிகோட்' என்று மட்டும் வேறுபடுத்துங்கள். தோட்டப் பெயரில் சந்தேகம் வந்தால் மூலத்தைத்தான் திறந்து பார்க்க வேண்டியிருக்கும்.