கொதிக்கிற வோர்ட்டும் எங்கட ஊர்த் தண்ணியும்

வணக்கம் மக்களே, திருகோணமலையில இருந்து. பின்னால இரைச்சல் கேக்குதெல்லோ? அது சில்லர், அதாவது குளிராக்கிற மெசின், ஓடுற சத்தம். அதால கொஞ்சம் உரக்கக் கதைக்கிறன்.

முதல்ல ஒண்டைச் சொல்லிடுறன். கலால் உரிமம் இல்லாம இலங்கையில பியர் வடிக்க ஏலாது. உரிமத்தோட சின்ன ஆலை போடுறவங்களுக்கும், குளிரூட்டி வேலை படிக்கிற தம்பி தங்கச்சிமாருக்கும்தான் இந்தக் காணொளி.

ஆலை போட நினைக்கிற ஆக்கள் எடுத்த உடனே கேக்கிறது, "அண்ணே, எவ்வளவு பெரிய சில்லர் வேணும்?" எண்டுதான். நான் திருப்பிக் கேக்கிறது, "உங்கட குழாய்த் தண்ணி எத்தனை டிகிரி?"

கணக்கைப் பாருங்க. 500 லீற்றர் வோர்ட், அதாவது மோல்ட் (முளைக்க வச்சுக் காயவிட்ட பார்லி) அவிச்சு எடுத்த இனிப்புச் சாறு, 100 டிகிரியில கொதிச்சு முடியுது. ஏல் வகைப் பியருக்கான ஈஸ்ட் போட 20 டிகிரிக்கு வரவேணும். ஒரு மணித்தியாலத்தில இறக்கிறதெண்டா 46, 47 கிலோவாட் குளிர் வேணும். ஆறுதலா ஆறட்டும் எண்டு விடவும் ஏலாது. 80 டிகிரிக்கு மேல நிக்கிற வரைக்கும் டைமெதில் சல்பைட் எண்ட மணப்பொருள் உண்டாகி, பியர்ல அவிச்ச சோளம் மணக்கும். கீழ வந்தாப் பிறகு பக்டீரியா பிடிச்சிடும்.

இப்ப என்ர கையில இருக்கிறதைக் கிட்டப் பாருங்க. பிளேட் ஹீட் எக்ஸ்சேஞ்சர், அதாவது தகடுகளுக்கூடாகச் சூட்டை மாத்திற கருவி, அதின்ர ஒரு தகடு. மீன் முள்ளு மாதிரி வரி வரியா மடிப்பு, ஓரத்தில றப்பர். ஒரு பக்கத்தால வோர்ட் போகும், மற்றப் பக்கத்தால தண்ணி எதிர்த்திசையில வரும். எங்கட தண்ணி 28, 29 டிகிரி. கச்சான் வீசுற மாசங்களில மேல்தாங்கித் தண்ணி இன்னும் சூடு. எண்டாலும் அந்தத் தண்ணியே வோர்ட்டை 35 டிகிரி மட்டும் இறக்கிடும். இறக்கவேண்டிய 80 டிகிரியில 65 முடிஞ்சுது! வெளிய வாற சுடுதண்ணியைக் கொட்டாதீங்க, அடுத்த அவியலுக்குச் சேர்த்து வைங்க.

மிச்சம் 15 டிகிரிக்குத்தான் கிளைக்கோல், அதாவது சில்லர் குளிராக்கி அனுப்புற, பூச்சியத்துக்குக் கீழயும் உறையாத திரவம். அது 9 கிலோவாட்டுக்குள்ள அடங்கும். ராவில 500 லீற்றர் கிளைக்கோலை மைனஸ் 2க்குக் குளிராக்கி வச்சா, 5 கிலோவாட் சில்லரே காணும். காசைச் சில்லர்ல கொட்டாம கிளைக்கோல் தாங்கியில போடுங்க. கொதிக்கிற வோர்ட்டுக்கு நேரா கிளைக்கோலை விட்டா தாங்கி முழுக்கச் சூடாகி, அதே லைன்ல 18 டிகிரியில நொதிச்சுக்கொண்டிருக்கிற மற்ற பியரும் கெட்டுப்போகும்.

எங்கட ஐஸ் தொழிற்சாலைகளில உப்புத்தண்ணி செய்யிற வேலையைத்தான் கிளைக்கோல் இங்க செய்யுது. ஆனா உப்பு எவர்சில்வரையும் அரிச்சுப்போடும். புரொப்பிலீன் கிளைக்கோல், உணவுத் தரம், அதைத்தான் வாங்கவேணும். வாகன ரேடியேற்றருக்கு ஊத்துறதில எத்திலீன் கிளைக்கோல் இருக்கும், அது நஞ்சு. தகட்டில ஒரு ஊசித்துளை விழுந்தாலே பியருக்குள்ள வந்திடும். தயவுசெய்து அதில விளையாடாதீங்க. தாங்கி மட்டம் காரணமில்லாம இறங்கினா உடனே தகட்டைக் கழட்டிப் பாருங்க.

தண்ணியோட கலக்கிற கலவையில கிளைக்கோல் 30, 35 வீதம் போதும். கூடப் போட்டா தடிச்சுப்போகும், பம்ப் திணறும், வெப்பத்தையும் குறைவாத்தான் காவும். கடற்கரைக் கிணத்துத் தண்ணியைக் கலக்கவே கூடாது, காய்ச்சி வடிச்ச தண்ணிதான். கலவை எத்தனை வீதம் எண்டு மாசத்துக்கொருக்கா ரிஃப்ராக்டோமீற்றர் எண்ட அளவுகருவியில ஒரு துளி வச்சுப் பாருங்க. உப்புக் காத்து சில்லர்ர வெளித் தகடுகளைத் தின்னும், அதையும் நல்ல தண்ணியால கழுவிவிடுங்க.

ஆ, இன்னொண்டு. வேலை முடியேக்க முதல்ல கிளைக்கோல் பம்ப்பை நிப்பாட்டுங்க, பிறகுதான் வோர்ட் பம்ப். மாறிச் செய்தா தகட்டுக்குள்ள நிக்கிற வோர்ட் உறைஞ்சு தகடு வெடிக்கக்கூடும். இந்தா, இப்ப நான் நிப்பாட்டிக் காட்டுறன், எந்த சுவிட்ச் முதல்ல எண்டு பாருங்க.