அந்தக் கட்டில் யாருக்கு?

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். இலக்கியத்துல படிமம் (வார்த்தையால மனசுல வரையற படம்), அடையாளம், சமூக மோதல்னு ஒரு டாபிக் குடுத்து பேசக் கூப்பிட்டாங்க, தலைப்பைக் கேட்டதுமே பாதிப் பேரு வேற ஸ்டேஷனுக்கு மாத்தியிருப்பீங்கன்னு தெரியும், மிச்சம் இருக்கறவங்களுக்காக கோட்பாடு எல்லாம் பேசாம நேரா ஒரு பாட்டுக்குள்ள போயிடலாம்னு இருக்கேன். அதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேடிக்கை.

சங்கப் பாட்டு எழுதுனவங்கள்ல கொஞ்சம் பேரோட சொந்தப் பேரு நமக்குக் கிடைக்கவே இல்ல. செம்புலப்பெயனீரார்னு அம்மா அப்பா யாராவது பேரு வைப்பாங்களா? குறுந்தொகை 40-வது பாட்டுல, செம்மண்ணுல விழுந்த மழைத்தண்ணி மாதிரி நம்ம மனசு ரெண்டும் கலந்துடுச்சுன்னு சொன்னாரு, அந்த உவமையே அவருக்குப் பேரா நின்னுடுச்சு. ஆளில்லாத வீட்டு முற்றத்துல அணில் விளையாடறதைச் சொன்னவரு அணிலாடு முன்றிலார். ரெண்டு யானை ரெண்டு பக்கமும் புடிச்சு இழுக்கற தேஞ்ச கயித்தைச் சொன்னவரு தேய்புரிப் பழங்கயிற்றினார். செம்புலப் பாட்டு இதுல இன்னும் ருசி, ஏன்னா அந்தப் பாட்டே அடையாளத்தைப் பத்துனதுதான், உன் தாய் யாரு என் தாய் யாரு, அப்பாமாருக்குள்ள என்ன உறவு, நீயும் நானும் எப்படித் தெரியும்னு மூணு கேள்வி கேட்டு மூணையும் தண்ணியில கரைச்சு விட்டுடும். அப்படி எழுதுனவரோட பேரும் அதே தண்ணியில கரைஞ்சு போச்சு!

இது உவமையால மரியாதை கிடைச்ச கதை. இன்னொரு பக்கம் இருக்கு. உவமைக்காக இழுத்துட்டு வந்து நிறுத்தப்பட்ட ஆளு, அவருக்கு என்ன கிடைச்சுதுன்னு நாம கேக்கறதில்ல. நானும் ரொம்ப வருஷம் கேக்கல.

புறநானூறு 82. சாத்தந்தையார் பாடுனது, மொத்தமே ஆறு வரி. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி எதிரியோட மோதுற வேகத்தைப் பாராட்டணும், அதுக்கு புலவர் புலியையோ இடியையோ தேடிப் போகல, ஒரு கட்டில் பின்னுற தொழிலாளியப் பாக்குறாரு. ஊர்ல திருவிழா தொடங்கிடுச்சு, அங்க போய் வேலை பாக்கணும். வீட்டுல பொண்டாட்டிக்குப் பிரசவ வலி, அவகிட்ட இருக்கணும். மழை வேற கொட்டுது, சூரியன் இறங்கிடுச்சு, வெளிச்சம் போகப் போகுது. இவ்வளவுக்கும் நடுவுல கையில இருக்கற கட்டிலை முடிச்சுக் குடுத்தாகணும். அந்த நேரத்துல அவரு கையில தோல்வாரை இழுத்துட்டு உள்ளயும் வெளியிலயும் பாயுது பாருங்க ஊசி, அந்த வேகம்தான் எங்க ராஜா சண்டை போடுற வேகம்னு முடிச்சுடறாரு. வேகம்ங்கற ஒரு விஷயத்தைக் காட்ட நாலு நெருக்கடியை அடுக்கியிருக்காரு, எனக்குத் தெரிஞ்சு அவசரத்தைப் பத்தி தமிழ்ல இதைவிட நல்ல உவமை இல்ல.

பரீட்சைல இதுக்கு ஒரே பதில்தான், வினையை வச்சு வந்த உவமை, ரெண்டு மார்க். நானும் அப்படித்தான் படிச்சேன், அப்புறம் அப்படித்தான் சொல்லியும் குடுத்தேன். ஒரு தடவ கிளாஸ்ல ஒரு பொண்ணு எழுந்து, "சார், அந்தம்மாவுக்குக் கொழந்த பொறந்துச்சா?"ன்னு கேட்டுச்சு. கிளாஸே சிரிச்சுது, நானும் சிரிச்சேன், உக்காரும்மான்னுட்டு அடுத்த பாட்டுக்குப் போயிட்டேன். அன்னிக்கு ராத்திரி படுத்தா அந்தக் கேள்விதான் ஓடுது. அந்த வீட்டுல பிரசவ வலி எடுத்திருக்குன்னு வரைக்கும் புலவருக்குத் தெரிஞ்சிருக்கு, ஆனா ஆளைச் சொல்லும்போது பேரு இல்ல, "இழிசினன்"னு ஒரு வார்த்தை.

அந்த வார்த்தையைப் பத்தி ஆராய்ச்சியாளர்களுக்குள்ள சண்டை உண்டு, அது அப்போவே பிறப்பை வச்சு தாழ்த்துன சொல்லா, இல்ல தொழிலைச் சொன்ன சொல்லு பின்னாடி அப்படி ஆச்சான்னு. நான் அதுல தீர்ப்பு சொல்லப் போறதில்ல. ஆனா அதே சாத்தந்தையாரு 287-வது பாட்டுல போர்ப்பறை அடிக்கறவரையும் இதே வார்த்தையாலதான் கூப்பிடறாரு. ஒருத்தரு கட்டில் கட்டுறாரு, ஒருத்தரு பறை அடிக்கறாரு, செய்யற வேலை வேற வேற, கூப்பிடற பேரு ஒண்ணு. ராஜாவுக்கு மட்டும் நெடுந்தகை, ஆத்தி மாலைன்னு அடைமொழி. உவமை எங்கேருந்து எங்க போகுதுன்னு பாத்தீங்கன்னா போதும், கீழ இருக்கறவரோட உழைப்பு மேல போகுது, அவரோட திறமையும் பதட்டமும் வியர்வையும் போய் ராஜாவோட பெருமைல சேருது. மோதல்னா கதையில ரெண்டு கோஷ்டி அடிச்சுக்கறதுன்னுதான் நாம தேடுறோம், இங்க அது உவமைக்குள்ளயே உக்காந்திருக்கு.

இன்னொரு வகையும் இருக்கு, படிமமே மோதலை மறைச்சுடறது. 1968 டிசம்பர் 25, கீழ்வெண்மணி, கூலி நெல்லு கூடக் கேட்டதுக்கும் சங்கமா சேந்ததுக்கும் தலித் கூலிக்காரங்க குடும்பத்துல 44 பேரை, பொம்பளைங்க குழந்தைங்க வயசானவங்களை, ஒரு குடிசைல வச்சு பண்ணையாரோட ஆளுங்க எரிச்சாங்க. அதை வச்சு இந்திரா பார்த்தசாரதி எழுதுன குருதிப்புனல் நாவல் 1975-ல வந்துச்சு, 1977-ல சாகித்திய அகாடமி பரிசும் கிடைச்சுது. அதுல அந்தப் பண்ணையாரோட கொடூரத்துக்கு அடியில அவரோட ஆண்மைக் குறைவு ஒரு காரணமா வரும். இடதுசாரி விமர்சகர்கள் இதுக்குக் கோவப்பட்டாங்க. எனக்கு நாவலோட மத்த பகுதிங்க மேல மரியாதை உண்டு, ஆனா இந்த இடத்துல அவங்க கோவம் சரின்னுதான் தோணுது, ஏன்னா ஒரு உடம்புக் குறையைக் கொண்டுவந்து நடுவுல வச்சதும் நிலம், கூலி, சாதி மூணும் ஓரத்துக்குப் போயிடுது, அந்த ஆளு ஆரோக்கியமா இருந்திருந்தா குடிசை எரிஞ்சிருக்காதோன்னு வாசகனுக்கு ஒரு நொடி தோணிடுது பாருங்க, அந்த ஒரு நொடிதான் பிரச்சினை.

சரி, உவமைக்கு இழுக்கப்பட்ட ஆளே எழுத உக்காந்தா என்ன ஆகும்? 1992-ல வந்துச்சு, தலித் எழுத்தாளர் பாமா தன் வாழ்க்கையை வச்சு எழுதுன கருக்கு. பனைமட்டையக் கிட்டத்துல பாத்திருக்கீங்களா, ரெண்டு ஓரத்துலயும் கருகருன்னு ரம்பம் மாதிரி பல்லு இருக்கும், எந்தப் பக்கம் புடிச்சாலும் அறுக்கும், அதான் கருக்கு. விறகு பொறுக்கப் போன வயசுல இந்தக் கருக்கு கையைக் கிழிச்சதை முன்னுரைல அவங்களே சொல்றாங்க. சாத்தந்தையார் ஊசியைப் பாத்தாரு, எவ்வளவு நல்லாப் பாத்தாலும் அது பாத்ததுதான். இது பட்டது. கருக்குங்கற சொல்லுக்குள்ள கருவும் இருக்கறதால, கிழிச்சதே புத்தகத்துக்கு விதையாவும் ஆயிடுச்சு. அதுல கதை சொல்ற பொண்ணுக்கும் பேரு கிடையாது, "நான்"தான், ஆனா இது வேற மாதிரி பேரில்லாமை, இங்க பேரை யாரும் புடுங்கல. பேச்சுத் தமிழ்ல எழுதுனதால இது இலக்கியமான்னு கேட்டவங்களும் உண்டு. ஊசி புறநானூத்துல இருந்தா இலக்கியம், பனைமட்டைன்னா சந்தேகமா, என்னவோ போங்க.

இதோட எல்லாம் நேராயிடுச்சுன்னும் நினைக்க வேண்டாம். இமையத்தோட கோவேறு கழுதைகள் நாவல் 1994-ல வந்துச்சு, அது ஒடுக்கப்பட்டவங்களுக்குள்ளயே இருக்கற மேல் கீழைக் காட்டுது, ஆரோக்கியம்ங்கற வண்ணாத்தி யாரு யாரு துணியைத் துவைக்கறா, கூலியா வர்ற தானியப் படிக்காக யாரு வாசல்ல நிக்கறான்னு. வீட்டுச் சண்டையை வெளிய சொல்லலாமான்னு கேள்வி வந்துச்சு. எனக்கு அந்தத் தலைப்பு ரொம்ப நாள் உறுத்துச்சு, கோவேறு கழுதைங்கறது குதிரைக்கும் கழுதைக்கும் பொறக்கறது, சுமை தூக்கும், தனக்குன்னு ஒரு வம்சம் கிடையாது, ஒரு மிருகத்தோட பேரை எழுதிட்டு அவ்வளவையும் சொல்லாம விட்டுட்டாரு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துல இருந்து கை காட்டறாங்க, நேரம் ஆயிடுச்சாம். ஒண்ணே ஒண்ணு. அந்த 82-வது பாட்டை போன வாரம் திரும்பப் படிச்சேன். அந்தப் பொண்ணு கேட்டதுக்குப் பதில் பாட்டுல இல்லன்னு முன்னாடியே தெரியும், இந்தத் தடவ வேற ஒண்ணு கண்ணுல பட்டுச்சு, அவ்வளவு மழையில, பொண்டாட்டியை வலியில விட்டுட்டு அவரு பின்னிட்டு இருக்கற கட்டில் யாரு வீட்டுக்குப் போகுது, அதுல யாரு படுக்கப் போறாங்கன்னு புலவர் சொல்லவே இல்ல. அடுத்த தடவ கிளாஸ்ல இதை நான் கேக்கலாம்னு இருக்கேன். வணக்கம்.