பனியில் இறங்கிய போதகர்

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, இளைஞர்களே, வணக்கம்.

1636 ஜனவரி. அமெரிக்காவில் ஆங்கிலேயர் குடியேறியிருந்த மாசசூசெட்ஸில் சேலம் என்று ஓர் ஊர். உடல்நலம் குன்றிய போதகர் ஒருவர் மனைவியையும் இரண்டு பெண் குழந்தைகளையும் வீட்டில் விட்டுவிட்டுக் கொட்டும் பனியில் இறங்கினார். இளைய குழந்தை பிறந்து சில மாதங்களே ஆகியிருந்தன. கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்புவதற்காக அவரைப் பிடிக்க ஆட்கள் வந்தார்கள். அவர் புறப்பட்டு மூன்று நாள் ஆகிவிட்டிருந்தது. அவர் பெயர் ரோஜர் வில்லியம்ஸ்.

கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்றவர், பன்மொழிப் புலவர். 1631இல் பாஸ்டனில் கால் வைத்தவுடன் அங்கிருந்த திருச்சபை அவருக்குப் பதவி தர முன்வந்தது. இங்கிலாந்துச் சபையோடு உறவை அறுத்துக்கொள்ளாத சபையில் பணி செய்ய மாட்டேன் என்று மறுத்துவிட்டார். அத்தோடு நிற்கவில்லை. மனசாட்சியின் மீது அரசாங்கத்துக்கு அதிகாரம் இல்லை என்றார். இந்த மண்ணுக்கு இங்கிலாந்து மன்னர் பட்டா கொடுத்தது செல்லாது, ஏனென்றால் இது பழங்குடியினரின் மண் என்றும் சொன்னார். குடியேறிய ஒவ்வொரு குடும்பத்தின் வீட்டையும் வயலையும் தொடுகிற பேச்சு அது! 1635 அக்டோபரில் நாடுகடத்தும் தீர்ப்பு வந்தது.

பனிக்காலம் முழுக்க அவரைக் காப்பாற்றியவர்கள் யார்? அந்த மண்ணின் மக்கள். வாம்பனோக் தலைவர் மஸசோயிட் அடைக்கலம் தந்தார். பிறகு நாரகான்செட் தலைவர்களான கனோனிக்கஸும் மியான்டனோமியும் நிலம் கொடுத்தார்கள். அங்கே அவர் நிறுவிய ஊருக்குப் பிராவிடன்ஸ் என்று பெயரிட்டார். கடவுளின் பராமரிப்பு என்று பொருள். அந்த ஊரிலிருந்து வளர்ந்த குடியேற்றமே ரோட் தீவு. 'விலையாலும் பணத்தாலும் ரோட் தீவை வாங்கியிருக்க முடியாது, அது அன்பால் கிடைத்தது' என்று பின்னாளில் எழுதினார்.

அந்த அன்பு ஒரே நாளில் விளைந்ததன்று. நாடுகடத்தப்படுவதற்கு முன்பே, பழங்குடியினரின் புகை மண்டிய குடில்களில் அவர்களோடு படுத்துறங்கி, மொழி கற்றவர் அவர். 1643இல் இங்கிலாந்துக்குக் கடற்பயணம் போனபோது அந்த அறிவையெல்லாம் நூலாக எழுதி, லண்டனில் அச்சிட்டார். வெறும் சொற்பட்டியலாக அதை நினைத்துவிடாதீர்கள். உணவு, உறக்கம், உறவு, வானிலை, சாவு என்று அந்த மக்களின் வாழ்க்கையே அதில் இருக்கிறது. அவர்களுடைய விருந்தோம்பலைப் புகழ்ந்து, கிறித்தவர்களை அதன் முன் நிறுத்தி வெட்கப்பட வைக்கிறார்.

அடுத்த ஆண்டு, குடியேற்றத்துக்கான அதிகாரப் பட்டயத்தை நாடாளுமன்றத்திடமிருந்து பெற்றுத் திரும்பினார். மற்ற குடியேற்றங்கள் விரட்டிய குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினருக்கும், பின்னர் யூதர்களுக்கும் ரோட் தீவில் இடம் கிடைத்தது.

இனி சொல்லப்போவதைச் சொல்ல எனக்கு வலிக்கிறது, மறைக்க மனமில்லை. 1675இல் குடியேறியவர்களுக்கும் பழங்குடியினருக்கும் போர் மூண்டது. நாரகான்செட் மக்களை முதலில் தாக்கி, நூற்றுக்கணக்கில் கொன்றவர்கள் குடியேறியவர்களே. மறு ஆண்டு மார்ச்சில் பிராவிடன்ஸ் எரிந்தது. வில்லியம்ஸின் வீடும் சாம்பலானது. அதே ஆண்டு, சிறைபிடித்த பழங்குடியினரைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு அடிமை வேலைக்கு விற்க ஊர் ஏற்பாடு செய்தபோது, அதற்கென அமைந்த குழுவில் வில்லியம்ஸும் இருந்தார். குடிலில் இடம் கொடுத்தவர்களின் பிள்ளைகளை விலை பேசிய கையும் அவருடைய கைதான். முதுமையையோ போரின் கொடுமையையோ காட்டி இதை என்னால் கடந்துபோக முடியவில்லை.

1683இல் அவர் மறைந்தார். பேசுவோர் அற்றுப்போன தங்கள் மொழியை மீட்க முயலும் நாரகான்செட் மக்களுக்கு இன்று பெருந்துணையாக இருப்பது அவர் எழுதிய நூல். அதன் முதல் அத்தியாயம் வணக்கம் கூறும் முறையைப் பற்றியது. 'நீடொப்' என்ற சொல் அங்கே வருகிறது. நண்பன் என்று பொருள்.