சாரைப்பாம்புப் புத்தகமும் ஒரு நிமிடக் குரலும்

நேயர்களுக்கு வணக்கம். பள்ளி நூலகத்தில் மின்னணுக் கருவிகளைப் பயன்படுத்துவது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதும் யாரும் நிலையத்தை மாற்றிவிட வேண்டாம். நான் கணினிப் பாடம் எடுக்கப் போவதில்லை. தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நூலகப் பொறுப்பைக் கூடுதல் வேலையாக என் தலையில் கட்டினார்கள். கட்டிய பிறகு இறக்கி வைக்க எனக்கே மனம் வரவில்லை.

நீங்கள் படித்த பள்ளியில் நூலகம் எங்கே இருந்தது? தலைமையாசிரியர் அறையில் ஓர் இரும்பு பீரோ என்றுதான் பலரும் சொல்வீர்கள். சாவி ஒருவரிடம், பதிவேடு இன்னொருவரிடம். இருப்புச் சரிபார்க்கும் நாளில் பீரோ திறக்கும், அந்துருண்டை வாசம் வரும், எண்ணி முடித்ததும் மறுபடி பூட்டு. புத்தகம் தொலைந்தால் யார் பதில் சொல்வது என்ற பயம் பொறுப்பாசிரியருக்கு. அவரையும் குறை சொல்ல முடியாது.

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். அரங்கநாதனைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கல்லூரியில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். 1931இல் நூலகங்களுக்கென்று ஐந்து விதிகளை வகுத்துக் கொடுத்தார். நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதி. இதைக்கூடவா ஒரு விதியாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றும். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களைச் சங்கிலி போட்டு அலமாரியோடு கட்டி வைத்திருந்தார்கள். நம்முடைய பீரோப் பூட்டு அந்தச் சங்கிலிக்குப் பேரன் முறை. அதே 1931இல் மன்னார்குடிப் பக்கம் மேலவாசலிலிருந்து மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்பியவர்களும் இருக்கிறார்கள். அன்றைக்குக் கையில் கிடைத்த கருவி மாட்டு வண்டி. இன்றைக்குக் கைப்பேசி.

அந்த ஐந்தில் இரண்டாவதும் மூன்றாவதும்தான் எனக்கு வேண்டியவை. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கேற்ற நூல் என்பது இரண்டாவது. ஒவ்வொரு நூலுக்கும் அதற்கேற்ற வாசகர் என்பது மூன்றாவது. இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டாவதற்கு இணையம் நிறையச் செய்துவிட்டது. 1998 பொங்கலன்று தொடங்கிய 'மதுரைத் திட்டம்' என்ற இணைய மின்னூல் தொகுப்பில் சங்க இலக்கியம் முதற்கொண்டு இலவசமாகக் கிடைக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. எல்லாம் சரி. ஏழாம் வகுப்புப் பிள்ளையை இத்தனைக்கும் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினால் அது எதை எடுக்கும்? பீரோவின் முன்னால் விழித்துக்கொண்டு நின்ற மாதிரியேதான் திரையின் முன்னாலும் நிற்கும். 'இதை எடுத்துப் பாரு, நல்லா இருக்கு' என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் ஆசிரியராக இருப்பதைவிடப் பக்கத்து பெஞ்சுப் பிள்ளையாக இருந்தால் சொல் எடுபடும். மூன்றாவது விதி அங்கேதான் இருக்கிறது. கருவியும் அங்கேதான் உதவுகிறது.

ஒரு கதை சொல்கிறேன். எங்கள் பள்ளியில் பாம்புகளைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. அட்டை மங்கி, முதுகு ஒட்டுப்போட்டு, யாரும் தொடாமல் கிடந்தது. ஏழாம் வகுப்பில் ஒரு பையன், வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் வேர்த்துப்போவான். எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். மற்றவர்கள் சிரிப்பார்கள் என்ற பயம். ஆனால் வரப்பில் எந்தப் பாம்பு போனாலும் பெயர் சொல்லுவான். அந்தப் புத்தகத்தை அவன் கையில் கொடுத்து, வீட்டுக்கு எடுத்துப் போகச் சொன்னேன். திரும்பி வந்ததும், 'படித்ததில் எது உனக்கு ஆச்சரியமாக இருந்ததோ அதை இந்த போனில் பேசு, ஒரு நிமிடம் போதும், நான் வெளியே நிற்கிறேன்' என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஆசிரியர் வெளியே நிற்பது முக்கியம். பக்கத்தில் நின்றால் பிள்ளை நம்மிடம் ஒப்பிக்கும்.

அவன் எத்தனை தடவை அழித்து அழித்துப் பேசினானோ தெரியாது. கடைசியில் கொடுத்தது இதுதான்: 'சாரைப்பாம்புக்கு விஷமே கிடையாதுன்னு இந்தப் புத்தகத்துல போட்டிருக்கு. எங்க தாத்தா வாலுல விஷம் இருக்குங்கிறாரு. ரெண்டு சாரை பின்னிக்கிட்டு நிக்கும் பாத்திருக்கீங்களா? அது சாரையும் நல்லபாம்பும் சேருறதுன்னு ஊருல சொல்றாங்க. இதுல வேற மாதிரி போட்டிருக்கு. என்னன்னு நான் சொல்ல மாட்டேன்.'

மறுநாள் காலை வணக்கக் கூட்டத்தில், திருக்குறளுக்கும் செய்திக்கும் நடுவில், ஒலிபெருக்கி முன்னால் போனைப் பிடித்து அதைப் போட்டோம். 'என்னன்னு நான் சொல்ல மாட்டேன்' என்று அவன் குரல் மைதானம் முழுக்கக் கேட்டதும் ஒரு சலசலப்பு. இடைவேளையில் அந்தப் புத்தகத்துக்கு அடிதடி. உங்களுக்கும் கேட்கத் தோன்றும், சொல்லிவிடுகிறேன்: பின்னிக்கொண்டு எழும்புவது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகள், பலப்பரீட்சை நடத்துகின்றன. அந்தப் பையனின் தாத்தா கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை என்று கேள்வி.

இதில் கருவி செய்தது என்ன? பையனுக்கு அழித்துவிட்டு மறுபடி பேசும் வசதியைக் கொடுத்தது. நேரில் வாசிக்கும்போது தடுமாறினால் தடுமாறியதுதான். பதிவில், பிடித்த குரல் மட்டும் வெளியே போகும். கூச்சப்படும் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. இன்னொரு தடவையும் சொல்வேன், அலுத்துக்கொள்ளாதீர்கள்: புத்தகத்துக்குப் பதிலாகத் திரையைக் கொடுப்பதற்கல்ல கருவி, ஒரு பிள்ளையின் குரலை இன்னொரு பிள்ளையிடம் சேர்ப்பதற்கு.

கேட்டுக்கொண்டிருக்கும் ஆசிரியர்களுக்காகக் கொஞ்சம் தொழில் பேசுகிறேன். இதற்குப் பிள்ளைகளிடம் போன் இருக்கத் தேவையில்லை, ஆசிரியரின் போன் ஒன்று போதும். அதிலேயே இருக்கும் பதிவுச் செயலி போதும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், காதுக்குத் தெரியாத அந்த இரைச்சல் பதிவில் பூதாகரமாக விழும். வெறும் சுவர் உள்ள வகுப்பறையில் குரல் எதிரொலிக்கும். புத்தக அடுக்குகளுக்கு நடுவில் உட்கார்ந்தால் அவையே எதிரொலியைக் குடித்துவிடும், ஆக நூலகம்தான் பள்ளியின் சிறந்த ஒலிப்பதிவுக் கூடம். போனை வாய்க்கு நேராக வைக்காமல் ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் 'பாம்பு', 'புத்தகம்' என்னும்போதெல்லாம் காற்று மோதி வெடிக்கும்.

பேசுவதை எழுதி வைத்துக்கொண்டு படிக்க விடாதீர்கள். குரல் செத்துவிடும். துண்டுச்சீட்டில் மூன்று சொல் குறித்துக்கொள்ளட்டும். 'இந்நூலின் பெயர் இன்னது, ஆசிரியர் இன்னார், இதிலிருந்து நான் கற்ற நீதி யாதெனில்' என்று ஆரம்பித்தால் அங்கேயே நிறுத்துங்கள். நீதி வேண்டவே வேண்டாம். புத்தகத்தின் பெயர் கடைசியில் வந்தால் போதும், ஆனால் இரண்டு தடவை சொல்ல வேண்டும். எனக்கு இதை வானொலிதான் கற்றுக்கொடுத்தது.

2018 முதல் நம் பாடப்புத்தகங்களில் கியூஆர் கோடு வருகிறது அல்லவா, அதுபோல நூலகப் புத்தகத்தின் பின்னட்டையிலும் ஒட்டி, வருடினால் பிள்ளையின் குரல் கேட்கும்படி செய்கிறார்கள். நல்ல யோசனைதான். வீட்டுக்குப் போகும் புத்தகத்துக்குப் பொருந்தும், அம்மா அப்பா கேட்பார்கள். ஒரு எச்சரிக்கை: பதிவுகளை ஓர் ஆசிரியரின் சொந்தக் கணக்கில் மட்டும் ஏற்றி வைத்தால், அவர் மாறுதலில் போனதும் குறியீடு திறக்காமல் போகலாம். பள்ளியின் கணக்கில் ஏற்றுங்கள், பென் டிரைவில் ஒரு நகல் வையுங்கள்.

வினாடி வினாச் செயலிகள், புள்ளிகள், மின் சான்றிதழ்கள் பற்றிக் கேட்பீர்கள். கொரோனா காலத்தில் வந்து குவிந்த சான்றிதழ்களை நினைத்தாலே எனக்குத் தலை சுற்றுகிறது. பத்துக் கேள்விக்குப் பதில் சொல்வதற்காகப் படிப்பவன் பத்தாவது கேள்வியோடு புத்தகத்தை மூடிவிடுவான். என் கருத்து இது, மாற்றுக் கருத்து உள்ளவர்கள் நிலையத்துக்கு எழுதலாம்.

ஹைடெக் லேப் உள்ள பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டே நூல் பட்டியலைத் தமிழில் தட்டச்சு செய்ய வைக்கலாம். தலைப்பு, ஆசிரியர், பக்கம், இவற்றோடு 'யாருக்குப் பிடிக்கும்' என்று ஒரு கட்டமும் போடச் சொல்லுங்கள். 'தம்பி இல்லாதவங்களுக்கு' என்று ஒரு பெண் நிரப்பினாள். எந்த நூலகவியலிலும் அப்படி ஒரு வகைப்பாடு கிடையாது.

நிலையத்தார் கண்ணாடிக்கு அப்பாலிருந்து கை காட்டுகிறார், இரண்டு நிமிடம்தானாம். பார்வையற்ற பிள்ளைகளுக்கான ஒலிநூல்களைப் பற்றிக் குறிப்பெடுத்து வந்தேன், அதற்கு இன்று நேரமில்லை. ஸ்டோரிவீவர் என்ற தளத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கியது. படக்கதைகள் வாசிப்பு நிலைவாரியாக, தமிழிலும் இருக்கின்றன; திறந்த உரிமத்தில் இருப்பதால் அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம், ஆக்கியவர்களின் பெயரைப் போட்டுவிட்டால் போதும். அரசு வாசிப்பு இயக்கத்தின் நுழை, நட, ஓடு, பற என்று வாசிப்பு நிலைவாரியாகப் பிரித்த சிறு நூல்களுக்கும் இந்த ஒரு நிமிடப் பேச்சு நன்றாகப் பொருந்தும்.

உரிமை பற்றி வேகமாக. புத்தகத்தைப் பற்றிப் பேசுவதற்கு யார் அனுமதியும் வேண்டாம். முழுக் கதையையும் வாசித்துப் பதிந்து இணையத்தில் போடுவதாக இருந்தால்தான் சிக்கல். எழுதியவர் மறைந்து 60 ஆண்டு ஆகியிருக்க வேண்டும், அல்லது நாட்டுடைமையான நூலாக இருக்க வேண்டும், இல்லையென்றால் உரிமையாளரிடம் கேட்க வேண்டும்.

கடைசியாக, பிள்ளையின் குரலைப் பள்ளிக்கு வெளியே அனுப்புமுன் பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். வெளியே போகும் பதிவில் பெயர் வேண்டாம், வகுப்பு மட்டும் போதும். 'பேரே சொல்லாம எப்படி சார்?' என்று சண்டைக்கு வருவார்கள். காலை வணக்கக் கூட்டத்தில் தாராளமாகச் சொல்லட்டும், இனிஷியலோடு சேர்த்தே சொல்லட்டும். வணக்கம்.