காலை எடுத்தும் விடாத பிரேக்

நேயர்களுக்கு வணக்கம்.

காரை நிறுத்தி இறங்கியதும் ஏதோ ஒரு சக்கரத்துப் பக்கமிருந்து கருகல் வாடை வரும். குனிந்து பார்த்தால் லேசாகப் புகை. பக்கத்தில் நிற்பவர் உடனே, "தண்ணீர் ஊற்றுங்கள்" என்பார். தயவுசெய்து ஊற்றாதீர்கள். கொதிக்கிற டிஸ்க்கில், அதாவது சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டில், பச்சைத் தண்ணீர் பட்டால் அது கோணிக்கொள்ளும், சில சமயம் விரிசலும் விடும். ஹேண்ட் பிரேக்கையும் போடாமல், கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுத்து ஆறவிடுங்கள்.

பிரேக் சூடாவது அதன் தொழில். ஓடுகிற வேகத்தைச் சூடாக்கிக் காற்றில் விடத்தான் அது இருக்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்தும்போது பிறக்கும் சூடு நான்கு மடங்கு. மலையிறங்கி வந்தபின் நான்கு சக்கரமும் சுட்டால் அது நாம் ஓட்டிய விதம். ஒரு சக்கரம் மட்டும் தனியாகச் சுட்டால்தான் கோளாறு. எந்தச் சக்கரம் என்று தெரியாமல் எதையும் கழற்றாதீர்கள். இதை இன்னும் ஒரு முறையாவது சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது? நெரிசல் இல்லாத சாலையில் பத்து நிமிடம், கூடியமட்டும் பிரேக்கைத் தொடாமல் ஓட்டுங்கள். வேகம் தானாகக் குறைந்து வண்டி நிற்கட்டும். இறங்கி, ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் உள்ளங்கையைக் கொண்டுபோங்கள். தொடக் கூடாது, அனல் தெரிந்தால் போதும். முன்சக்கர பிரேக்குக்கு எப்போதுமே வேலை அதிகம். அதனால் முன்னையும் பின்னையும் ஒப்பிட வேண்டாம், இடதையும் வலதையும் ஒப்பிடுங்கள்.

இங்கே என் சொந்தக் கதையைச் சொல்லியாக வேண்டும். என் பழைய காரில் வலது முன்சக்கரம் சுட்டது. டிஸ்க்கை இருபுறமும் கவ்விப் பிடிக்கிற பேட் தேய்ந்திருக்கும் என்று பேட் மாற்றினேன். மறு வாரம் அதே வாடை. பேடைத் தாங்கி அழுத்துகிற காலிப்பர் நகர்கிற பின்களைக் கழற்றித் துடைத்து கிரீஸ் வைத்தேன். அதே வாடை. காலிப்பருக்குள் பேடைத் தள்ளுகிற பிஸ்டன் இறுகியிருக்கும் என்று முடிவுகட்டி முழு காலிப்பரையே புதிதாகப் போட்டேன். ஊருக்கெல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்ன மூன்றாம் நாள் அதே வாடை!

கடைசியில் வயதான மெக்கானிக் ஒருவர் வந்தார். ஜாக்கி வைத்துத் தூக்கி, ஸ்டாண்டும் கொடுத்தார். சக்கரத்தைக் கையால் சுற்றினார், அசையவில்லை. காலிப்பரில் ஏர் எடுக்கிற, அதாவது ஆயிலில் சிக்கிய காற்றை வெளியேற்றுகிற நிப்பிள் இருக்கிறதல்லவா, அதில் ஒரு டியூபை மாட்டி, கால் சுற்று திறந்தார். பிரேக் ஆயில் சர்ரென்று பீய்ச்சியது. அடுத்த நொடி சக்கரம் லொடலொடவென்று சுற்றியது. "ஹோஸை மாத்து தம்பி" என்றார், காலிப்பருக்கு ஆயில் கொண்டுவரும் ரப்பர் குழாயைத்தான். வெளியே ஒரு வெடிப்புகூட இல்லையே என்று நான் வாதாடினேன். பதில் பேசாமல் புது ஹோஸை மாட்டிவிட்டு, பழையதைக் கத்தியால் நீளவாக்கில் கிழித்துக் காட்டினார். உள்ளே ரப்பர் ஒரு நாக்கு மாதிரி உரிந்து தொங்கியது. நாம் மிதிக்கிற பலத்தில் ஆயில் அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும். திரும்பி வர அந்த பலம் ஏது?

டிஸ்க் பிரேக்கில் பிஸ்டனை இழுத்துக்கொள்ள ஸ்பிரிங் கிடையாது, தெரியுமா? பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் மிதிக்கும்போது சற்று வளைந்து, காலை எடுத்ததும் நிமிரும். அந்த மயிரிழை அளவுதான் பிஸ்டன் பின்வாங்குகிறது. வழியில் சிறு அடைப்பு இருந்தாலும் பேட் உரசிக்கொண்டே இருக்கும்.

அதனால் பாகம் வாங்குமுன் நிப்பிளைத் திறந்து பாருங்கள். சக்கரம் பிடித்திருக்கும்போதே பார்க்க வேண்டும். ஆறினால் சில சமயம் தானே விட்டுவிடும், நாமும் ஏமாந்துவிடுவோம். ஆயில் சுடும், கையுறையும் கண்ணாடியும் அவசியம். திறந்ததும் சக்கரம் விட்டால், அழுத்தம் உள்ளே சிக்கியிருக்கிறது: ஹோஸ், அல்லது பெடலை மிதித்ததும் ஆயிலை அழுத்தி அனுப்புகிற மாஸ்டர் சிலிண்டர். திறந்தும் விடாவிட்டால் பிஸ்டனோ பின்களோ இறுகியிருக்கின்றன. பின்சக்கரமானால் ஹேண்ட் பிரேக் கேபிளையும் பாருங்கள். ஒரு நிப்பிளைத் திறக்கிற நேரம்தான். அதைச் செய்யாமல் நான் ஒரு காலிப்பருக்குச் செலவழித்தேன்.

பின்களுக்கு பிரேக்குக்கென்று விற்கிற சிலிகான் கிரீஸ்தான் வைக்க வேண்டும். சாதாரண கிரீஸ் பட்டால் ரப்பர் உப்பி, பின்கள் மறுபடி இறுகும். பிரேக் தூசியை ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள்.

கடிகாரத்தைக் காட்டுகிறார்கள். டிரம் பிரேக்கைப் பற்றிப் பேச எண்ணியிருந்தேன், நேரமில்லை. ஒன்று மட்டும்: டிரம்முக்குள் உரசிப் பிடிக்கிற ஷூவை இறுக்கி அட்ஜஸ்ட் செய்துவிட்டாலும் இதே சூடுதான். நான்கு சக்கரமும் ஓட ஓட இறுகினால், பெடலுக்குச் சற்று லூஸ் இருக்கிறதா, மிதியடி மடங்கி அதை அமுக்குகிறதா என்று பாருங்கள்.

அப்புறம், பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 என்ற வகை பிரேக் ஆயில், புதிதாக இருக்கும்போது, குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த அளவு 155 வரை இறங்கிவிடும். சுடுகிற பிரேக்கில் அது கொதித்தால் ஆவிதான் அமுங்கும், பேட் பிடிக்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

வேலை முடிந்து ஏர் எடுத்து, வண்டியை இறக்கியதும், இன்ஜினை ஸ்டார்ட் செய்யுமுன் பெடலை நான்கைந்து முறை மிதியுங்கள். காலிப்பரில் கை வைத்தபின் முதல் மிதி தரையைத் தொடும். கெட்டியான பிறகு வண்டியை எடுங்கள். எந்தச் சக்கரம் என்று முதலில் பாருங்கள், மறுபடியும் சொல்லிவிட்டேன். நன்றி, வணக்கம்.