ஒரு நாடா, இரண்டு நாடா?

நேயர்களுக்கு வணக்கம்.

குடும்பத்தோடு ஐரோப்பாவுக்குக் கிளம்புகிறவர்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "ஒரு நாட்டோட நிறுத்திக்கலாமா, ரெண்டு பார்த்துடலாமா?" என்பதுதான். நான் உடனே பதில் சொல்வதில்லை. திருப்பிக் கேட்பேன்: "எத்தனை ராத்திரி? எத்தனை பெட்டி? கூட வர்றவங்கள்ல பெரியவங்களுக்கு என்ன வயசு, சின்னதுக்கு என்ன வயசு?" நாட்டுக் கணக்கு அதற்கப்புறம்தான்.

இந்தப் புத்தி எனக்கு வந்தது பாரிஸில், 'கார் து லியோன்' என்ற ரயில் நிலையத்தில். பிரெஞ்சில் 'கார்' என்றால் ரயில் நிலையம். முதல் நாள் டாக்ஸிக்காரரிடம் நான் அதைக் கார் என்றே நினைத்துக்கொண்டு பேசிய கதை வேறு. ஒன்பது இரவில் நான்கு நாடு என்று திட்டம் போட்டிருந்தேன்: நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம், பிரான்ஸின் பாரிஸ், சுவிட்சர்லாந்தின் லூசர்ன், இத்தாலியின் மிலான். காகிதத்தில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. நான், மனைவி, பன்னிரண்டு வயதுப் பையன், ஏழு வயதுப் பெண், எழுபத்தொரு வயது அம்மா. ஐந்து பேர், நான்கு பெட்டி.

அங்கே வண்டி எந்த நடைமேடையில் நிற்கும் என்பதைப் புறப்படுவதற்கு ஏறத்தாழ இருபது நிமிடம் இருக்கும்போதுதான் பலகையில் போடுகிறார்கள். அதுவரை அத்தனை கூட்டமும் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறது. எண் விழுந்ததும் எல்லோரும் ஒரே பக்கம் நகர்கிறார்கள். நாங்களும் ஓடினோம். நாங்கள் ஏற வேண்டிய ரயில் பெட்டி நடைமேடையின் கடைசியில். புறப்பட இரண்டு நிமிடம் இருக்கும்போதே கதவைச் சாத்திவிடுவார்கள் என்பது வேறு வயிற்றைக் கலக்கிக்கொண்டிருந்தது. ஏறிப் பார்த்தால் மாடி வைத்த ரயில். எங்கள் இருக்கைகள் மேலே. ஒரு ஆள் போகிற அகலத்தில் வளைந்த படி. சாமான் வைக்கிற தட்டு நிறைந்து வழிகிறது. அம்மா படியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "நீங்க போங்க, நான் இதுக்குக் காவல் இருக்கேன்" என்று வாசல் பக்கத்திலேயே ஒரு சூட்கேஸின் மேல் உட்கார்ந்துவிட்டார். பாதி வழி அப்படித்தான் வந்தார்.

பாரிஸிலிருந்து பாசல் மூன்று மணி நேரம், அங்கே வண்டி மாறி லூசர்ன் ஒரு மணி நேரம். காத்திருப்பதைச் சேர்த்தால் நாலரை மணி நேரப் பயணம். ஆனால் நாங்கள் எழுந்தது காலை ஆறரைக்கு. லூசர்னில் அறைச் சாவி கைக்கு வந்தபோது மாலை ஐந்து தாண்டிவிட்டது. பல் துலக்கி, பெட்டி கட்டி, சார்ஜர் விட்டுப்போச்சா என்று கட்டிலுக்கு அடியில் தேடி, அறையைக் காலி செய்து, டாக்ஸி பிடித்து... இதெல்லாம் எந்தக் கால அட்டவணையிலும் வராது. 14ஆம் நூற்றாண்டில் கட்டி, 1993இல் தீப்பிடித்து, மறு வருடமே எழுப்பி நிறுத்திய அந்த மரப்பாலத்தை அன்றைக்கு டாக்ஸி ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

ஒன்பது இரவு என்றால் இறங்குகிற நாளும் கிளம்புகிற நாளும் போக, முழு நாள் எட்டு. ஜாகை மாற்றுகிற ஒவ்வொரு முறையும் அதில் ஒன்று போய்விடும். மூன்று முறை மாற்றினால் மிஞ்சுவது ஐந்து. நான்கு நாட்டுக்கு ஐந்து நாள்! அதற்கா அத்தனை செலவு?

சரி, அப்படியானால் ஒரே நாடுதான் நல்லதா என்றால், அதுவும் இல்லை. இத்தாலி ஒன்றுக்கு மட்டும் போகிறவர்களைப் பாருங்கள். ரோம், ஃபிளாரன்ஸ், வெனிஸ் என்று போவார்கள். ரோமிலிருந்து ஃபிளாரன்ஸ் அதிவேக ரயிலில் ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து வெனிஸ் இரண்டு மணி நேரம். நாடு ஒன்றுதான், ஆனால் ஜாகை மூன்று. வெனிஸில் பாலத்துக்குப் பாலம் படி. பெட்டியை உருட்ட முடியாது, தூக்க வேண்டும்.

இதற்கு நேர் எதிராக ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் ஒரே இடத்தில் ஐந்து இரவு தங்குங்கள். ஊர் ஜெர்மனி எல்லையை ஒட்டி இருக்கிறது. பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் ஜெர்மனியின் பெர்ஹ்டெஸ்காடன். அதற்குப் பக்கத்தில் கோனிக்ஸே ஏரி. 1909 முதல் அங்கே மின்சாரப் படகுதான், புகையும் இல்லை, சத்தமும் இல்லை. ஏரி நடுவில் படகை நிறுத்தி, படகுக்காரர் ஊதுகுழல் எடுத்து ஊதுவார். பாறைச் சுவரில் பட்டு அந்த ராகம் திரும்பி வரும். கேட்டுவிட்டு ராத்திரி அதே கட்டிலில் வந்து படுக்கலாம். இரண்டு நாடு பார்த்தாயிற்று, பெட்டியைத் திறந்தது ஒரே முறை. வியன்னாவில் தங்கி, ஒரு மணி நேர ரயிலில் ஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவா போய்வருவதும் இதே கணக்குதான்.

எல்லைக்கு விலையே இல்லையா? சில இடங்களில் உண்டு. ஷெங்கன் என்பது பொதுவாக எல்லைச் சோதனை இல்லாமல் போய்வர ஒத்துக்கொண்ட ஐரோப்பிய நாடுகளின் வட்டம். அதில் இப்போது 29 நாடுகள். விசா தேவைப்படுகிறவர்களுக்கு ஒரே விசா போதும். பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறு வயது முதல் பதினொன்று வரை 45, அதற்குக் கீழே கட்டணம் இல்லை. இரண்டாவது நாட்டைச் சேர்த்தாலும் கட்டணம் ஒரு சென்ட்கூட ஏறாது. எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது என்பதில்தான் குழப்பம் வரும். அதிக இரவு தங்குகிற நாட்டிடம். இரவுகள் சமமாக இருந்தால் முதலில் நுழைகிற நாட்டிடம். 'அங்கே சீக்கிரம் கிடைக்குமாம்' என்று ஒரு நாட்டுக்கு அறை பதிவைக் காட்டிவிட்டு இன்னொரு நாட்டில் சுற்றுகிற வேலை வேண்டாம். எல்லையில் கேள்வி வந்தால் குடும்பத்தோடு நின்று முழிக்க வேண்டியிருக்கும்.

பிரிட்டன் இந்த வட்டத்தில் இல்லை. அதற்கு விசா தனி, பணம் பவுண்டு. பாரிஸ்–லண்டன் ரயில் இரண்டேகால் மணி நேரம்தான், ஆனால் இரண்டு நாட்டுப் பாஸ்போர்ட் சோதனையும் ஏறுகிற நிலையத்திலேயே நடக்கும். அதற்கு முன்கூட்டியே போய் நிற்க வேண்டும். பத்து நாள் பயணத்தில் லண்டனைச் செருகாதீர்கள் என்பேன். அது தனியாகப் போக வேண்டிய ஊர்.

சுவிட்சர்லாந்து ஷெங்கனுக்குள் இருக்கிறது, பணம் மட்டும் ஃபிராங்க். அங்கே வெளியூர்க்காரர்களுக்கான ரயில் பாஸ் மூன்று நாளுக்குக் குறைந்து கிடையாது. பெற்றோர் பாஸ் எடுத்தால் 6 முதல் 15 வயதுவரையான பிள்ளைகளுக்கு இலவசக் குடும்ப அட்டை கொடுப்பார்கள். ஆக, இரண்டு இரவுக்கு எட்டிப்பார்த்துவிட்டு ஓடுகிறவர்களுக்கு அந்த நாடு கையைக் கடிக்கும். போனால் நான்கு, ஐந்து இரவு தங்கிவிட வேண்டும். வாடகைக் காரா? ஒரு நாட்டில் எடுத்து இன்னொரு நாட்டில் விட்டால் அதற்கென்று தனிக் கட்டணம், சில சமயம் வாடகையையே மிஞ்சும். சுவிஸ் நெடுஞ்சாலையில் ஒரு நாள் ஓட்டினாலும் வருடம் முழுவதற்குமான 40 ஃபிராங்க் சாலைக் கட்டண வில்லையை வாங்கியே ஆக வேண்டும். மொழி தெரியாதே என்று கவலைப்படுகிறவர்களும் உண்டு. எனக்கு அது ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை.

இரண்டு நாடு என்றே முடிவு செய்தால், எல்லை தாண்டுகிற நாளையே ஒரு காட்சியாக்கிவிடுங்கள். இத்தாலியின் டிரானோவிலிருந்து சுவிட்சர்லாந்தின் செயின்ட் மோரிட்ஸ் வரை பெர்னினா ரயில் போகிறது. பல்சக்கரம் இல்லாமலே கடல் மட்டத்திலிருந்து 2,253 மீட்டர் உயரம் வரை ஏறுகிறது. புருசியோ என்ற ஊரில் வட்டமான கல் பாலத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, தன் பாதைக்கு அடியிலேயே நுழைந்து வெளியே வரும். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பாதை. பெரிய கண்ணாடி வைத்த சிறப்பு வண்டிக்கு முன்பதிவும் கூடுதல் பணமும் வேண்டும். அதே தண்டவாளத்தில் உள்ளூர் வண்டி முன்பதிவு இல்லாமல் ஓடுகிறது. அதில் ஜன்னலைத் திறக்கலாம். என் ஓட்டு உள்ளூர் வண்டிக்குத்தான். விமானச் சீட்டையும் அதற்கேற்ப மிலானில் இறங்கி ஜூரிக்கில் ஏறுகிற மாதிரி எடுங்கள். போன வழியே திரும்பி வருவதற்கு ஒரு நாளைத் தூக்கிக் கொடுக்க வேண்டாம்.

பத்து இரவுக்குள் என்றால் இரண்டு ஜாகை. அதற்கு மேல் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் பையன் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. அவனுக்கு நாட்டுக் கணக்குதான் கணக்கு.

அடுத்த முறை ஸ்ட்ராஸ்பர்க்கில் ஆறு இரவு தங்கினோம். பிரான்ஸின் கிழக்கு ஓரம். அங்கே 2017 முதல் ஊர் டிராம் ரைன் நதியைத் தாண்டி ஜெர்மனியின் கேல் வரை போகிறது. சாதாரண டிராம் டிக்கெட்டே போதும். ஜெர்மனி இப்போதெல்லாம் தன் எல்லைகளில் சோதனை போடுகிறது என்பதால் ஐந்து பாஸ்போர்ட்டையும் பையில் வைத்திருந்தேன். அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. டிராம் பாலத்தில் ஏறி இறங்கியது. கேலில் இறங்கி நடந்து, ஒரு பேக்கரியில் உட்கார்ந்து காபியும் வாங்கியாயிற்று. அம்மா காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார்:

"ஏம்ப்பா, ஜெர்மனி எப்போ வரும்?"

வணக்கம்.