கோடுதான் நகர்ந்தது: இளையோர் நாவலுக்காக ஒரு பட்டிமன்ற உரை

நடுவர் ஐயா அவர்களுக்கும், எனக்கு முன்பு பேசி அமர்ந்திருக்கும் எதிரணித் தலைவர் ஆசிரியர் ஐயா அவர்களுக்கும், இந்த மழையிலும் ஆரியங்காவிலிருந்தும் புளியரையிலிருந்தும் பஸ் பிடித்து வந்து, நனைந்த புத்தகப் பையை மடியில் வைத்தபடி பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் என் வணக்கம்.

நூலக வார விழாவுக்காக நமக்குத் தரப்பட்ட தலைப்பு, ‘இளையோர் நாவல்: இலக்கியத்துக்கு ஏறும் படியா, தன்னளவிலேயே இலக்கியமா?’ என்பது. இளையோர் நாவல் என்றால் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கென்று எழுதும் நாவல். ஐயா ‘படி’ என்றார். 15 வயதில் மிதித்து ஏறிவிட வேண்டும், 20 வயதுக்குப் பிறகு திரும்பிப் பார்க்கக் கூடாது என்றார். எனக்கு 43 வயது. செங்கோட்டையில் மருந்துக்கடை நடத்துகிறேன். கல்லாவுக்குக் கீழே இழுப்பறையில் இன்றைக்கும் ஓர் இளையோர் நாவல் இருக்கிறது. கூட்டம் குறைந்த மதிய வேளையில் எடுத்து நாலு பக்கம் படிப்பேன். இந்தப் படியில் நான் முப்பது வருடமாகக் குடியிருக்கிறேன், நடுவர் அவர்களே. குடியிருக்க முடிகிற இடத்துக்கு வீடு என்றுதான் பெயர்.

ஐயாவின் முதல் வாதம்: “நாங்கள் 13 வயதில் ‘பொன்னியின் செல்வன்’ ஐந்து பாகத்தையும் முடித்தோம். எங்களுக்கென்று தனியாக யாரும் நாவல் எழுதித் தரவில்லை.” உண்மை. நானும் அப்படித்தான் படித்தேன். வந்தியத்தேவனுக்குப் பின்னாலேயே வீரநாராயண ஏரிக்கரையில் குதிரை ஓட்டினேன். அந்தச் சுகத்தை யாருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதே வருடம் எங்கள் வீட்டில் அப்பாவும் அம்மாவும் மூன்று மாதம் பேசிக்கொள்ளவில்லை. என் உயிர்த்தோழி காரணமே சொல்லாமல் அடுத்த பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்துவிட்டாள். இவற்றை எடுத்துக்கொண்டு நான் எந்தக் கதையிடம் போவது? சோழ நாட்டு அரியணைச் சிக்கலில் அதற்கு இடமில்லை. இருக்க வேண்டியதும் இல்லை. அந்த நாவல் வேறொரு வேலைக்காக வந்தது.

பிறகு ஐயா மலையாள எழுத்தாளர் வைக்கம் முகம்மது பஷீரைக் கொண்டுவந்தார். மலையின் இந்தப் பக்கத்திலும் பஷீர் நம் வீட்டு மனிதர்தானே. ‘பால்யகால சகி’ 1944-இல் வந்தது. ஒன்றும் ஒன்றும் எத்தனை என்று வாத்தியார் கேட்கிறார். கொஞ்சம் பெரிய ஒன்று என்கிறான் சிறுவன் மஜீத். இரண்டு ஆறுகள் கலந்து ஒரே பெரிய ஆறாக ஓடுவதைப் பார்த்த பிள்ளையின் கணக்கு அது. “எந்த வயதுச் சீட்டும் ஒட்டாமல் பிள்ளை மனத்தை எழுதிக் காட்டிவிட்டாரே, இதற்கு மேல் என்ன வேண்டும்?” என்று ஐயா கேட்டபோது எனக்கும் ஒரு கணம் பேச்சு நின்றுவிட்டது. ஆனாலும் அந்தக் கணக்கை நமக்குச் சொல்வது யார்? வளர்ந்த பஷீர். மஜீதும் அவன் பால்யத் தோழி சுகறாவும் எங்கே போய்ச் சேரப்போகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். அந்தத் துயரத்தின் கரையில் நின்று திரும்பிப் பார்த்துச் சொல்கிறார்.

நல்ல இளையோர் நாவல் கரையில் நிற்பதில்லை. கதை சொல்லும் பெண்ணுக்கு நாளைக்கு என்ன நடக்கும் என்று தெரியாது. அதைப் படிக்கும் பெண்ணுக்கும் தெரியாது. இரண்டு பேரும் ஒரே இருட்டில் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள். ‘இதெல்லாம் போகப் போகச் சரியாகிவிடும்’ என்று நாம் சொல்கிறோமே, அந்த ஒரு வாக்கியத்தை உள்ளே விடாமல் 200 பக்கம் எழுத வேண்டும். தனக்குத் தெரிந்ததையெல்லாம் வாசலில் செருப்போடு கழற்றி வைத்துவிட்டு உள்ளே போக வேண்டும். இதைச் சுலபம் என்று சொல்கிறவர்கள் தங்கள் 14 வயதில் ஒரே ஒரு நாளை, இன்றைய அறிவைக் கலக்காமல், ஒரு பக்கம் எழுதிப் பார்க்கட்டும். என் கட்சி முழுவதும் இந்த ஒரு பக்கத்தில் அடங்கியிருக்கிறது.

எதிரணியில் இரண்டாவதாகப் பேசிய தம்பி, வயதைப் பிரித்து நூல் விற்பது வெளிநாட்டு வியாபாரிகளின் ஏற்பாடு என்றார். தம்பி, வயதைப் பிரித்துப் பார்ப்பது நமக்கு ஒன்றும் புதிதில்லை. பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று ஏழு பருவம் வகுத்து உலா பாடிய மொழி இது. மங்கைக்கு 12, 13. மடந்தைக்கு 14 முதல் 19 என்று எண்ணிக்கையே சொல்லி வைத்திருக்கிறார்கள். இன்று எந்த வயதுக்கு இளையோர் நாவல் என்கிறோமோ, ஏறக்குறைய அதே கணக்கு. வித்தியாசம் ஒன்று உண்டு. உலாவில் அந்த மடந்தை தெருவில் நின்று அரசனைப் பார்த்து ஏங்குகிறாள்; அவள் ஏக்கத்தைப் பாடுகிறவர் அரசவைப் புலவர். அவளிடம் யாரும் கேட்கவில்லை. இளையோர் நாவலில் அவளே வாய் திறக்கிறாள்.

சில சமயம் பேனாவையும் அவளே எடுத்துவிடுகிறாள். அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலத்து டல்சா நகரத்தில் பள்ளிக்கூடத்துப் பெண் ஒருத்தி, தன்னைச் சுற்றிப் பணக்காரப் பையன்களும் ஏழைப் பையன்களும் கும்பல் கட்டி அடித்துக்கொள்வதைப் பார்த்தாள். அதை உள்ளபடி சொல்லும் நாவல் ஒன்றும் கண்ணில் படாததால் 15 வயதில் தானே எழுதத் தொடங்கினாள். 1967-இல் ‘தி அவுட்சைடர்ஸ்’ வெளிவந்தபோது எஸ். இ. ஹின்டனுக்கு 18 வயது. பெண் பெயரைப் பார்த்தால் ஆண் விமர்சகர்கள் ஒதுக்கிவிடுவார்கள் என்று அஞ்சி, பதிப்பகத்தார் முதலெழுத்துகளை மட்டும் அச்சிட்டார்கள். எந்த வியாபாரி திட்டம் போட்டு இந்த நாவலை உண்டாக்கினான், தம்பி?

சீட்டைப் பற்றி இன்னும் ஒன்று. ஆஸ்திரேலியாவின் மார்க்கஸ் சூசக் 2005-இல் ‘தி புக் தீஃப்’ எழுதினார். நாஜி ஜெர்மனியில் நூல் திருடும் ஒரு சிறுமியின் கதை. அதைச் சொல்வது மரணம். சொந்த நாட்டில் அது பெரியவர்களுக்கான நாவலாக வந்தது. அமெரிக்காவில் இளையோர் நாவலாக வந்தது. கதை அதே கதை, சிறுமி அதே சிறுமி. கடலைத் தாண்டியதும் அலமாரி மாறிவிட்டது.

இது செங்கோட்டைக்காரர்களுக்குப் புரியாதா? இரண்டு வாரம் முன்புதான் நவம்பர் 1 வந்துபோனது. 1956-இல் அந்தத் தேதியில் நம் ஊர் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது. ஆரியங்காவு அந்தப் பக்கமே, கேரளத்தில், நின்றுவிட்டது. என் பாட்டி ஓரடி நகரவில்லை, அவள் மாட்டுத்தொழுவம் நகரவில்லை, கோடுதான் நகர்ந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்த அவள் தங்கை வேறு மனுஷியாகிவிட்டாளா என்ன? அலமாரியில் ஒட்டிய சீட்டைப் பார்த்து ‘இது சின்னப் பிள்ளைகள் சமாசாரம்’ என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு என் பாட்டியின் நினைவு வந்துவிடுகிறது.

இப்போது என் கடைக்கு வருகிறேன். பள்ளிக்கூடம் விட்டதும் பெண் பிள்ளைகள் வருவார்கள். வந்ததும் கேட்க மாட்டார்கள். இருமல் மருந்து வரிசையைப் பார்ப்பார்கள், எடை பார்க்கும் கருவியைப் பார்ப்பார்கள். கடையில் நிற்கும் ஆண்கள் எல்லாரும் போனதும், கண்ணாடிப் பெட்டியின் மேல் சுருட்டிய பணத்தை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். நான் நாப்கினைப் பழைய செய்தித்தாளில் சுற்றி, அதன் மேல் கறுப்புப் பையும் போட்டுக் கொடுப்பேன். இருபது வருடமாக இதுதான் வழக்கம்.

போன வருடம் மலைக்கு அந்தப் பக்கமிருந்து இங்கே வந்து படிக்கும் ஒரு பிள்ளை அப்படி நின்றாள். எட்டாம் வகுப்பு. அன்றைக்கு இழுப்பறையில் இருந்தது அமெரிக்க எழுத்தாளர் ஜூடி புளூம் 1970-இல் எழுதிய நாவல். மார்கரெட் என்று 12 வயதை எட்டப்போகும் பெண். பூப்பெய்துவதற்காகக் காத்திருக்கிறாள், கடவுளிடம் தனியாகப் பேசுகிறாள். அதில் ஒரு காட்சி. மார்கரெட்டும் தோழியும் மருந்துக்கடைக்கு நாப்கின் வாங்கப் போகிறார்கள். பணம் வாங்கும் இடத்தில் நிற்பது ஒரு பையன்! இரண்டு பேருக்கும் கை கால் ஓடவில்லை. நான் செய்தித்தாளைக் கிழித்துக்கொண்டே இந்தக் காட்சியைத் தமிழில் சொன்னேன். அவள் முதலில் தலையைக் குனிந்துகொண்டுதான் கேட்டாள். பிறகு முழங்கை இரண்டையும் கண்ணாடி மேல் ஊன்றிக்கொண்டாள். “அப்புறம் என்ன ஆச்சு அக்கா? வாங்கினார்களா?” நடுவில் இரும்புக்கடை அண்ணாச்சி வந்து காய்ச்சல் மாத்திரை வாங்கி, சில்லறை எண்ணி, போயும்விட்டார். நாப்கின் பொட்டலம் பாதி சுற்றியபடி மேலேயே கிடந்தது. அவள் அதை மறைக்கவில்லை. மறைக்க வேண்டும் என்ற நினைப்பே அவளுக்கு வரவில்லை.

ஐம்பது வருடத்துக்கு முன்பு வேறொரு கண்டத்தில் எழுதிய ஒரு காட்சி, செங்கோட்டைக் கடையில் ஒரு பிள்ளையின் முதுகை நிமிர்த்துகிறது. இலக்கியம் செய்ய வேண்டிய வேலை இதைவிட வேறு என்ன என்று எனக்குத் தெரியவில்லை. அந்த நாவலைத் தங்கள் ஊர் நூலகத்திலிருந்து எடுக்கச் சொல்லிப் பெரியவர்கள் அமெரிக்காவில் பலமுறை சண்டை போட்டிருக்கிறார்கள். அது என் மனத்தை மிகவும் நோகச் செய்கிறது.

“துக்கம், சிறை, சாவு, இதையெல்லாம் பிள்ளைகளுக்கு ஏன் கொடுக்க வேண்டும்?” என்றும் ஐயா கேட்டார். அமெரிக்க நூலகச் சங்கத்தின் இளையோர் பிரிவு, இலக்கியத் தரத்துக்காகவே பிரின்ட்ஸ் விருது என்று ஒன்றைத் தொடங்கி, 2000-இல் முதல் விருதை வால்டர் டீன் மையர்ஸின் ‘மான்ஸ்டர்’ நாவலுக்குக் கொடுத்தது. 16 வயதுக் கறுப்பினப் பையன் கொலை வழக்கில் சிக்கிச் சிறையில் இருக்கிறான். திரைப்படம் எடுக்க ஆசைப்பட்டவன். அதனால் தன் வழக்கைத் திரைக்கதையாகவே எழுதுகிறான்; நடு நடுவே நாட்குறிப்பு. நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞர் அவனை ‘அரக்கன்’ என்று குறிப்பிட்டதுதான் தலைப்பு. கடைசியில் குற்றமற்றவன் என்று தீர்ப்பு வருகிறது. அவன் சந்தோஷத்தில் தனக்காக வாதாடிய பெண்மணியைக் கட்டிக்கொள்ளக் கைகளை விரிக்கிறான். அவர் விறைத்துப்போய் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். அவர் தன்னிடம் எதைப் பார்த்தார் என்ற கேள்வியோடு நாவல் நின்றுவிடுகிறது.

படித்து முடித்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. தீர்ப்பு வேறு, மனிதர்கள் நம்மைப் பார்க்கும் பார்வை வேறு என்பதை எந்தப் பெரிய நாவல் இதைவிடக் கூர்மையாகச் சொன்னது? தங்கள் தெருவில் சாவையும், போலீஸ் ஜீப்பையும், கடன்காரனையும் பார்த்து வளர்கிற பிள்ளைகளிடமிருந்து நாம் எதை மறைக்கிறோம்?

முதல் மணி அடித்துவிட்டீர்கள் ஐயா, முடித்துவிடுகிறேன்.

மோசமான இளையோர் நாவல்களும் இருக்கின்றன. ஒரே அச்சில் வார்த்த காதலும், மூன்று பாகமாக இழுப்பதற்கென்றே இழுத்த சண்டையுமாகப் பலவற்றைப் பாதியில் மூடியிருக்கிறேன். பெரியவர்களுக்கான நாவல்களை அதைவிட அதிகம் மூடியிருக்கிறேன்.

நான் வருந்துவது வேறொன்றுக்கு. நாம் நிற்பது நூலகத்தில். சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். இரண்டாவது விதி, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல். இந்த அறையில் குழந்தைகளுக்கு ஒரு மூலை இருக்கிறது. பெரியவர்களுக்கு மூன்று சுவர் இருக்கிறது. 14 வயதுப் பிள்ளை எங்கே போய் நிற்பது? தமிழில் இப்போதுதான் வரத் தொடங்கியிருக்கிறது. கீழடியைக் களமாக வைத்து உதயசங்கர் எழுதிய ‘ஆதனின் பொம்மை’ 2023-இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருது பெற்றது. மண்ணுக்குள்ளிருந்து வந்த பானை ஓட்டில் ‘ஆதன்’ என்று படித்தோமே, அந்தப் பெயர் ஒரு பையனாகி நம் பிள்ளைகளோடு பேசுகிறது. இப்படி இன்னும் நிறைய வேண்டும். விடியுமுன்பே ரப்பர் பால் வெட்டப் போகும் அம்மாவுக்கு டார்ச் பிடிக்கும் பெண்ணின் கதை வேண்டும். பார்டர் பரோட்டாக் கடையில் இரவு மாவு பிசைந்துவிட்டுக் காலையில் கணக்குப் பரீட்சை எழுதுகிறவன் கதை வேண்டும். பகவதிபுரம் தாண்டி ரயில் சுரங்கப்பாதைக்குள் நுழையும்போது தமிழில் தொடங்கிய பேச்சை, ஆரியங்காவு வெளிச்சத்தில் மலையாளத்தில் முடிக்கிறார்களே, அந்தப் பிள்ளைகள் பின்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி எழுதுவாள். எழுதட்டும். அதை ‘ஏறும் படி’ என்று நாம் சொல்லாமல் இருந்தால் போதும்.

நடுவர் ஐயா, இதோ இந்த நூலகத்தின் ‘ஆதனின் பொம்மை’யைக் கொண்டுவந்திருக்கிறேன். பின் அட்டையின் உள்ளே தேதிச் சீட்டைப் பாருங்கள். பழைய சீட்டு நிறைந்து, அதன் மேல் புதுச் சீட்டு ஒட்டியிருக்கிறார்கள். கடைசி முத்திரை என் பெயரில் எடுத்தது. திருப்பித் தர இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. தீர்ப்பை எப்படிச் சொன்னாலும் சரி, இதை இன்று இரவு நீங்கள் எடுத்துக்கொண்டு போங்கள். வியாழக்கிழமை என் கடையில் கொடுத்தால் போதும். ஆரியங்காவுப் பிள்ளை ஒருத்தி கேட்டு வைத்திருக்கிறாள்.